இரண்டே இரண்டு: துளை வழி பித்தப்பை ஆபரேஷனை இளம் டாக்டர்கள் எப்படிக் கற்கிறார்கள்

ஞாயிற்றுக்கிழமை காலையில் சேலத்துக் கறிக்கடை ஒன்றின் முன்னால் நின்றவர்கள் இதைக் கவனித்திருக்கலாம். எவ்வளவு கூட்டம் நெருக்கினாலும் ஆட்டு ஈரலைக் கையில் எடுத்ததும் கடைக்காரரின் வேகம் குறைந்துவிடும். ஈரலின் அடியில் ஒட்டியிருக்கும் பச்சைப் பையை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்து, கத்தி நுனியால் சுற்றிலும் மெல்ல விடுவித்து, உடையாமல் எடுத்து ஓரமாகப் போடுவார். வீட்டில் நாட்டுக்கோழி அறுக்கும்போது என் பாட்டியும் அப்படித்தான். "பித்து ஒடஞ்சா கறி பூராக் கசந்துரும் கண்ணு" என்பார். அந்த இடம் வரும்போது யாரும் பேச்சுக் கொடுக்கக் கூடாது.

அந்தப் பச்சைப் பைதான் பித்தப்பை. மனித உடம்பிலிருந்து அதை எடுப்பதுதான் இருபது வருடத்துக்கும் மேலாக என் வேலையில் ஒரு பங்கு. எம்.எஸ். என்ற அறுவை சிகிச்சை மேற்படிப்புப் படிக்கும் பி.ஜி. டாக்டர்களுக்கு அதைக் கற்றுக்கொடுப்பது இன்னொரு பங்கு. ஆபரேஷனுக்கு முந்தின நாள் வார்டில் நோயாளியின் வீட்டார் என்னைத் தனியாக ஓரம்கட்டிக் கேட்பார்கள்: "சார், நீங்களே செய்வீங்களா, இல்ல இந்தச் சின்னத் தம்பி செய்யுமா?" கேட்பதற்கு அவர்களுக்கு முழு உரிமை உண்டு. வராந்தாவில் நின்று இரண்டு நிமிடத்தில் பதில் சொல்ல முடியாததால் இங்கே எழுதுகிறேன்.

முதலில் உறுப்பைப் பார்த்துவிடுவோம். ஈரல் நாள் முழுக்கப் பித்தநீரைச் சுரக்கிறது. அதில் 30 முதல் 50 மில்லி வரை இந்தப் பை வாங்கிச் சேர்த்து வைத்துக்கொண்டு, எண்ணெய், கொழுப்பு உள்ள சாப்பாடு உள்ளே போனதும் சுருங்கி அதைக் குடலுக்கு அனுப்புகிறது. பைக்குள் கல் உண்டாகி வாயை அடைத்தால் வலது விலாவுக்குக் கீழே உயிர் போகிற வலி வரும். கல்லை மட்டும் எடுத்தால் மறுபடி வரும் என்பதால் பையையே எடுத்துவிடுகிறோம். பை இல்லாவிட்டாலும் பித்தநீர் ஈரலிலிருந்து நேராகக் குடலுக்குப் போய்விடும், மனிதர் நன்றாகவே வாழ்வார்.

ஆபத்து பையில் இல்லை, பக்கத்தில் இருக்கிறது. மேட்டூர் கால்வாய்ப் பாசனம் பார்த்தவர்களுக்கு இதைச் சொல்வது சுலபம். ஈரலிலிருந்து குடலுக்குப் போகும் பொதுப் பித்தநாளம் பெரிய வாய்க்கால். பித்தப்பை அதன் ஓரத்தில் இருக்கும் குட்டை. குட்டையையும் வாய்க்காலையும் இணைக்கும் சின்ன மடைதான் பித்தப்பைக் குழாய். அந்த மடையைக் கிளிப் போட்டு அடைத்து வெட்டினால் வேலை முடிந்தது. மடை என்று நினைத்துப் பெரிய வாய்க்காலையே வெட்டிவிட்டால் நோயாளிக்கு மஞ்சள் காமாலை வரும், வயிற்றுக்குள் பித்தநீர் கசியும். பிறகு குடலைத் தூக்கி ஈரலடி நாளத்தோடு தைக்கும் பெரிய ஆபரேஷன் தேவைப்படும், வருடக்கணக்கில் மருத்துவமனைக்கு நடக்க வேண்டியிருக்கும். இரண்டு நாளில் வீடு திரும்ப வேண்டிய நாற்பது வயதுக்காரருக்கு இது நடந்தால் அந்தக் குடும்பமே குலைந்து போகும். நான் பார்த்திருக்கிறேன்.

வயிற்றைத் திறந்து பித்தப்பையை எடுக்கும் முறை பழையது. 1882இல் பெர்லினில் கார்ல் லாங்கன்புக் முதலில் செய்தார். துளை வழியாக 1985இல் ஜெர்மனியின் எரிக் மூகே செய்தபோது சக மருத்துவர்கள் அவரை மதிக்கவில்லை. 1987இல் பிரான்சின் லியோன் நகரில் பிலிப் மூரே செய்த பிறகு உலகம் முழுக்கப் பற்றிக்கொண்டது. இந்தியாவில் 1990இல் மும்பையில் டாக்டர் தெஹம்டன் உத்வாடியா தொடங்கிவைத்தார். பெரிய தையல் இல்லை, வலி குறைவு, சீக்கிரம் வேலைக்குப் போகலாம். நோயாளிகளே கேட்டு வந்தார்கள். சர்ஜன்களும் அவசரம் அவசரமாகக் கற்றார்கள். சிலர் சனி, ஞாயிறு வகுப்பில் கற்றுக்கொண்டு வந்து திங்கட்கிழமை செய்தார்கள்.

அதற்கான விலையை நோயாளிகள் கொடுத்தார்கள். 1991இல் அமெரிக்காவின் தென்மாநில சர்ஜன்கள் சிலர் சேர்ந்து தங்கள் 1,518 ஆபரேஷன்களின் கணக்கை வெளியிட்டார்கள். ஒவ்வொரு குழுவும் செய்த முதல் 13 ஆபரேஷன்களில் பித்தநாளக் காயம் 2.2 சதவீதம். அதற்குப் பிறகு 0.1 சதவீதம். இதை முதன்முதலில் படித்த நாள் எனக்கு இன்றும் நினைவிருக்கிறது. அந்த 13 பேரில் ஒருவராக யார் இருப்பது? கற்றுக்கொடுப்பது என்ற வேலையின் முழுப் பொருளும் இந்தக் கேள்விக்குள் அடங்கியிருக்கிறது. அந்த முதல் 13 ஆபரேஷன்களின் தடுமாற்றம் நோயாளியின் வயிற்றுக்குள் நடக்கக் கூடாது. அதை வெளியே எங்காவது செலவழித்துவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும்.

ஏன் தடுமாறுகிறார்கள்? கை நடுங்குவதால் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். 2003இல் சான் பிரான்சிஸ்கோவில் லாரன்ஸ் வே என்ற சர்ஜனின் குழு 252 பித்தநாளக் காயங்களை எடுத்து, வீடியோவும் ஆபரேஷன் குறிப்பும் வைத்து ஆராய்ந்தது. 97 சதவீதத்தில் அடிப்படைக் காரணம் கை இல்லை, கண். தப்பான குழாயைச் சரியான குழாய் என்று முழு மனதோடு நம்பி வெட்டியிருக்கிறார்கள். சந்தேகமே வராததால்தான் விபரீதம்.

எனக்கே அது நடக்க இருந்தது. அப்போது நான் பி.ஜி. ஒரு பெண்மணிக்கு ஆபரேஷன் செய்துகொண்டிருந்தேன், சீஃப் எதிர்ப்பக்கம் நின்றார். பித்தப்பையின் கழுத்தை இடது கைக் கருவியால் பிடித்து மேலே தூக்கியிருந்தேன். வயிற்றுக்குள் விட்ட கேமரா காட்டும் திரையில் ஒரு குழாய் பையிலிருந்து நேராக, நூல் பிடித்த மாதிரி இறங்கியது. "கிளிப் குடுங்க சிஸ்டர்" என்றேன். சீஃப், "பிடியை விடு. இப்ப அதையே கீழே, பேஷண்டோட வலப்பக்கமா இழு" என்றார். இழுத்தேன். நேராக இருந்த குழாய் திரையில் மடங்கித் திறந்தது. நான் வெட்ட இருந்தது பெரிய நாளம். உண்மையான சின்னக் குழாய் அதன் மேல் படிந்து, ஒரே கோடாகத் தெரிந்திருக்கிறது. கழுத்தை மேலே தூக்கியது நான். அதனால் இரண்டும் ஒரே வரிசையில் வந்தன. ஒரு நிமிடத்துக்கு முன்னால் அது சின்னக் குழாய்தான் என்று கோவிலில் சத்தியம் செய்திருப்பேன்.

கண்ணை நம்ப முடியாது என்றால் எதை நம்புவது? 1995இல் ஸ்டீவன் ஸ்ட்ராஸ்பெர்க் என்ற அமெரிக்க சர்ஜனும் அவருடைய சகாக்களும் எழுதியது இன்றுவரை எங்களுக்குச் சட்டம். ஆங்கிலத்தில் கிரிட்டிகல் வியூ ஆஃப் சேஃப்டி என்பார்கள். நான் வகுப்பில் "பாதுகாப்புப் பார்வை" என்கிறேன். மூன்று விஷயம் கண்ணுக்குத் தெரிய வேண்டும், தெரியாமல் எதையும் வெட்டக் கூடாது. பித்தப்பைக்கும் ஈரலுக்கும் பொது நாளத்துக்கும் நடுவில் உள்ள முக்கோணத்தில் இருக்கும் கொழுப்பையும் நாரையும் சுத்தமாக அகற்றியிருக்க வேண்டும். பித்தப்பையின் கீழ் மூன்றில் ஒரு பங்கு ஈரலிலிருந்து பிரிந்து, அது ஒட்டியிருந்த படுக்கை தெரிய வேண்டும். கடைசியாக, பித்தப்பைக்குள் நுழைவது இரண்டே இரண்டு என்று காண வேண்டும்: ஒன்று குழாய், ஒன்று ரத்தக்குழாய். மூன்றாவது எதுவும் கூடாது.

இதில் "இது சின்னக் குழாய்" என்று எங்கேயும் சொல்லவில்லை என்பதைப் பாருங்கள். குழாயின் தோற்றத்தை வைத்து அதற்குப் பெயர் சூட்டுவதுதான் நம்மை ஏமாற்றுகிறது. அதை விட்டுவிட்டு எண்ணச் சொல்கிறது. மிச்சம் எல்லாவற்றையும் நீக்கிய பிறகு பையோடு சேர்ந்திருப்பவை இரண்டுதான் என்றால் அந்த இரண்டும் பித்தப்பைக்கே உரியவை. இந்த அணுகுமுறையின் அழகு எனக்கு வருடா வருடம் கூடிக்கொண்டே போகிறது.

கிட்டத்தில் அது எப்படி இருக்கும் தெரியுமா? வெங்காயத்தின் உள்தோல் போன்ற மெல்லிய படலத்தை முதலில் விலக்குகிறோம். அதற்குக் கீழே மஞ்சள் கொழுப்பு, நடுநடுவே மயிரிழை போன்ற நார்கள். ஹூக் என்ற கொக்கி முனையால் ஒரு நாரைத் தூக்கி, பின்னால் எதுவும் இல்லை என்று பார்த்து, ஒரு கணம் சூடு வைத்து விடுகிறோம். இப்படி நாற்பது, ஐம்பது முறை. மெல்ல மெல்ல இரண்டு ஜன்னல்கள் திறக்கும். குழாய்க்கும் ரத்தக்குழாய்க்கும் நடுவில் ஒன்று, ரத்தக்குழாய்க்கும் மேலே ஈரலுக்கும் நடுவில் ஒன்று. இரண்டின் வழியாகவும் பின்னால் ஈரலின் கருஞ்சிவப்பு தெரிய வேண்டும். பையை இந்தப் பக்கம் புரட்டி முன்னால் ஒரு முறையும், அந்தப் பக்கம் புரட்டிப் பின்னால் ஒரு முறையும் பார்க்கிறோம். இரண்டையும் படமாக எடுத்து வைக்கிறோம்.

சரி, பி.ஜி.யின் கதைக்கு வருவோம். கையில் முதலில் கிடைப்பது கேமரா. தொப்புள் வழியாக ஒன்று, நெஞ்சுக்குழிக்குக் கீழே ஒன்று, வலப்பக்கம் சின்னதாக இரண்டு என நான்கு துளைகள். வயிற்றைக் கார்பன் டை ஆக்சைடால் 12 முதல் 15 மில்லிமீட்டர் பாதரச அழுத்தத்துக்கு ஊதி வைத்திருப்போம். தொப்புள் வழியாகப் போகும் கேமராவைப் பிடிப்பவர்தான் அத்தனை பேருக்கும் கண். படம் கோணலாக இருந்தால் எல்லாரும் கோணலாகச் செய்வார்கள். குளிர்ந்த லென்ஸ் சூடான வயிற்றுக்குள் போனதும் மூடுபனி படியும், ஆகவே பிளாஸ்கில் வெந்நீர் வைத்து லென்ஸைச் சூடாக்கிக்கொண்டு உள்ளே விடுவோம். ஏற்காட்டு மலைப்பாதையில் பனி இறங்கும்போது கண்ணாடியைத் துடைக்காமல் இருபது கொண்டை ஊசி வளைவையும் ஏறுகிற டிரைவர் யாருமில்லை. மங்கலான படத்தோடு வெட்டுகிற சர்ஜனும் இருக்கக் கூடாது. ஆறு மாதம் கேமரா மட்டும் பிடித்த பையன் சலித்துக்கொள்வான். அந்த ஆறு மாதத்தில் அவன் எத்தனை விதமான பித்தப்பைகளைப் பார்த்துவிட்டான் என்பது அவனுக்குத் தெரியாது.

கைக்குப் பயிற்சி வெளியே, பெட்டியில். ஏற்காடு ஏரியில் துடுப்புப் படகு வலித்தவர்களுக்கு இது உடனே புரியும். படகு விளிம்பில் துடுப்பு ஊன்றியிருப்பதால் கையை முன்னே தள்ளினால் துடுப்பின் முனை பின்னே போகும். துளை வழியாக உள்ளே விடும் நீளமான லேப்ராஸ்கோப்பிக் கருவியும் வயிற்றுச் சுவரில் ஊன்றியிருப்பதால் கை இடம் போனால் முனை வலம் போகிறது. மேலும் தட்டையான திரையில் ஆழம் தெரியாது, விரலில் தொட்டுணர்வும் பாதிதான். இதை மூளை பழகிக்கொள்ள மணிக்கணக்கு ஆகும். உலகமெங்கும் உள்ள ஒரு பயிற்சியில், ஆறு வளையங்களை ஒரு கைக் கருவியால் எடுத்து, காற்றிலேயே மறு கைக்கு மாற்றி, எதிர்ப்பக்க முளையில் மாட்டி, திரும்பவும் பழைய இடத்துக்குக் கொண்டுவர வேண்டும். 48 வினாடிக்குள் தவறாமல் செய்தால் தேர்ச்சி. எங்களுக்கு விலையுயர்ந்த பெட்டி இல்லாத நாட்களில் மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பாவில் துளையிட்டு, உள்ளே ஒரு எல்.இ.டி. விளக்கும் வெப் கேமராவும் வைத்தோம். சேலத்தில் ஜவ்வரிசிக்கா பஞ்சம்? காய்ந்த ஜவ்வரிசியை ஒவ்வொன்றாகக் கிடுக்கிப் பிடித்துப் பாட்டில் மூடியில் போடு என்று விடுவேன். வளையத்தைவிட அது கஷ்டம்.

இதெல்லாம் விளையாட்டு மாதிரித் தெரியும். 2002இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில் 16 பயிற்சி டாக்டர்களை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு மட்டும் கணினித் திரைப் பயிற்சி கொடுத்துப் பிறகு உண்மையான பித்தப்பையைப் பிரிக்க விட்டார்கள். பயிற்சி பெற்றவர்கள் 29 சதவீதம் வேகமாக முடித்தார்கள். மற்றவர்கள் ஆறு மடங்கு தவறு செய்தார்கள்.

அடுத்து ஆட்டு ஈரல். ஒரு பி.ஜி.யை விடியற்காலையில் கறிக்கடைக்கு அனுப்புவேன். "பித்து எடுக்காம அப்படியே குடுங்கண்ணா" என்று கேட்டால் கடைக்காரர் ஏற இறங்கப் பார்ப்பார். வாழ்நாளில் அப்படி யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். அந்த ஈரலைப் பெட்டிக்குள் வைத்து, பையை உடையாமல் பிரித்தெடுக்க வேண்டும். ஹூக் கொஞ்சம் ஆழமாகப் போனால் பச்சை நீர் பொங்கி ஈரலெல்லாம் வழியும். நான் எதுவும் சொல்ல வேண்டியதில்லை, தவறு அங்கேயே நிறத்தோடு தெரிந்துவிடும். மூன்றாவது ஈரலில் கை தானாக மெதுவாகிவிடுகிறது, கறிக்கடைக்காரருடைய கை மாதிரியே.

சூட்டைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். சிவதாபுரத்து வெள்ளிப் பட்டறையில் கொலுசுக்குப் பற்றவைப்பதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், தீ நாக்கு அந்த ஒரு வளையத்தின் இணைப்பை மட்டும் தொட்டு விலகும். ஒரு கணம் கூடுதலாக நின்றால் பக்கத்து வளையமும் உருகும். ஹூக்கின் சூடும் அப்படித்தான் பக்கத்துக்குப் பரவும். வெட்டாமலே நாளத்தைப் பொசுக்கிவிடலாம், காயம் பத்து நாள் கழித்துத்தான் தெரியவரும். ஆகவே தூக்கு, பார், தொடு, விடு. இதைச் சொல்லிச் சொல்லியே என் தொண்டை வறண்டுவிட்டது.

தியேட்டருக்குள் நாங்கள் ஆபரேஷனை வரிசைப்படி கொடுப்பதில்லை. குழாயை வெட்டி முடித்த பிறகு பையை ஈரல் படுக்கையிலிருந்து உரித்தெடுப்பது கடைசிக் கட்டம், ஆபத்தும் ஒப்பளவில் குறைவு. பி.ஜி.க்கு முதலில் அதைத்தான் கொடுக்கிறோம். பிறகு துளை போடுவது. முக்கோணத்தைப் பிரிப்பது எல்லாவற்றுக்கும் பிறகு, அதுவும் வீக்கமில்லாத சுலபமான பித்தப்பையில். அப்போதும் நான் எதிரில் நிற்பேன். இதுதான் அந்த வராந்தாக் கேள்விக்கு என் பதில்: சின்னத் தம்பி தனியாகச் செய்வதில்லை. அவர் கையில் கருவி இருக்கும் ஒவ்வொரு நிமிடமும் என் கண் அதே திரையில் இருக்கும்.

செய்யும்போது வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே செய்ய வேண்டும் என்பது எங்கள் தியேட்டர் வழக்கம். "ஈரலின் அடியில் ரூவியர் பள்ளம் தெரியுது சார், அதுக்கு மேலேதான் இருக்கேன்." அந்தப் பள்ளம் ஈரலின் வலது அடிப்பக்கத்தில் பலருக்கும் இருக்கும் ஒரு இயற்கைக் கோடு. அதற்குக் கீழே இறங்கினால் பெரிய நாளத்தின் எல்லைக்குள் போகிறோம் என்று பொருள். வாயால் சொல்லும்போது மனம் கற்பனை செய்வதும் கண் காண்பதும் தனித்தனியாகப் பிரிந்துவிடும். சொல்ல முடியவில்லை என்றால் தெரியவில்லை என்றுதான் அர்த்தம்.

கிளிப் போடுமுன் எல்லாரும் நிறுத்துவோம். கருவியிலிருந்து கையை எடுத்துவிடச் சொல்வேன். அனஸ்தீசியா டாக்டர், சிஸ்டர் எல்லாரும் திரையைப் பார்ப்பார்கள். "எத்தனை தெரியுது?" முதலில் பி.ஜி. சொல்ல வேண்டும், நான் சொல்லக் கூடாது. நான் முதலில் சொன்னால் எல்லாரும் அதையே சொல்வார்கள். ஒருமுறை எங்கள் சிஸ்டர், "எனக்கு அந்தப் பின்பக்கம் சரியாத் தெரியலீங்க சார்" என்றார். திருப்பிக் காட்டினேன். எல்லாம் சரியாகத்தான் இருந்தது. அவருக்கு நன்றி சொன்னேன், பி.ஜி.க்கள் கேட்கும்படியாக. கிளிப்பே கூட ஒரு சாட்சி. குழாயின் முழு அகலத்தையும் அது கவ்வ எட்டவில்லை என்றால், அந்தக் குழாய் நாம் நினைக்கிற குழாயா என்று மறுபடி யோசிக்க வேண்டும்.

அந்தப் பார்வை கிடைக்கவே இல்லை என்றால்? பல நாள் சீழ் பிடித்த பித்தப்பையில் எல்லாமே ஒட்டி, கல்லாக இறுகிக் கிடக்கும். அப்போது வழிகள் உண்டு. இன்னொரு சர்ஜனைக் கூப்பிடலாம். சாயம் செலுத்தி எக்ஸ்ரே எடுத்து நாளத்தின் போக்கைப் பார்க்கலாம். வயிற்றைத் திறந்தே செய்யலாம். ஆபத்தான முக்கோணத்தைத் தொடாமல், பையின் மேல்பகுதியை மட்டும் வெட்டி, கற்களை எடுத்து, அடிப்பகுதியை உள்ளேயே விட்டுவிட்டு வரலாம். பையில் டியூப் மட்டும் வைத்து, உடம்பு தேறிய பிறகு மறுபடி வரலாம். துளையில் தொடங்கியது திறப்பில் முடிந்தால் தோல்வி என்று வீட்டாரும் நினைக்கிறார்கள், சில டாக்டர்களும் நினைக்கிறார்கள். தயவுசெய்து அப்படி நினைக்காதீர்கள். "ஓபன் பண்ண வேண்டி வரலாம்" என்று முன்கூட்டியே சொல்லும் டாக்டரை நம்புங்கள்.

சில மாதங்களுக்கு முன்னால், மலையில் காபித் தோட்டத்தில் வேலை பார்க்கும் ஒரு அம்மாவுக்கு ஆபரேஷன். வலியைக் கஷாயத்திலேயே தள்ளிப்போட்டுத் தாமதமாக வந்திருந்தார். மூன்றாம் ஆண்டு பி.ஜி. பெண் ஒருத்தி செய்துகொண்டிருந்தாள், நல்ல கை. ஒரு மணி நேரம் கழித்து, நான் எதுவும் சொல்லாமலே, இரண்டு கருவியையும் விட்டுவிட்டுக் கையை மேலே தூக்கினாள்.

"சார், ரெண்டுன்னு சொல்ல மனசு வரலை. மூணாவதா ஏதோ இருக்கு."

எனக்கு இரண்டுதான் தெரிந்தது. படலத்தை இன்னும் கொஞ்சம் விலக்கச் சொன்னேன். ஈரலின் வலப்பக்கத்துக்குப் போகும் பெரிய ரத்தக்குழாய், வீக்கத்தில் பித்தப்பையோடு ஒட்டி வளைந்து கிடந்து, துடித்துக்கொண்டிருந்தது. அதற்கு மேல் அங்கே போகவில்லை. பையின் மேல்பகுதியை எடுத்து, கற்களை அள்ளி, கசிவு வெளியே வடிய ஒரு டியூப் வைத்து முடித்தோம். அந்த அம்மா ஐந்தாம் நாள் மலைக்குப் போய்விட்டார்.

அந்த வீடியோவை அடுத்த வாரம் முதலாம் ஆண்டு பி.ஜி.க்கள் ஐந்து பேருக்குப் போட்டுக் காட்டினேன். அவள் கையை எடுத்த இடத்தில் நிறுத்தி, "எத்தனை தெரியுது?" என்று கேட்டேன். நாலு பேர் "ரெண்டு சார்" என்றார்கள். ஒருவன் மட்டும் எழுந்து திரைக்குப் பக்கத்தில் போய், பதில் சொல்லாமல் பார்த்துக்கொண்டே நின்றான்.